விளக்கு எரிந்தது, குரல் வரவில்லை

டி. கல்லுப்பட்டிப் பகுதியின் ஏழூர் முத்தாலம்மன் திருவிழாவில் சப்பரங்கள் அம்மாபட்டிக்குச் செல்லும். நெடிய சப்பரம் மின்கம்பியை நெருங்குமுன், மின்சாரம் நின்றதை முன்னே செல்வோர் பின்னே வருவோர்க்குச் சொல்லியாக வேண்டும். அதற்காக நாங்கள் வாக்கி டாக்கிகளை இரவல் வாங்கினோம். இரண்டும் வெவ்வேறு நிறுவனத் தயாரிப்புகள்.

முதல்நாள் ஒத்திகையில் இரண்டிலும் சேனல் 1, குறியீடு 2 என வைத்தோம். பேசினால் எதிர்க்கருவியில் விளக்கு எரிந்தது, குரல் வரவில்லை. பழுதென்றே எண்ணினோம். கையேடுகளைப் புரட்டியபின் புரிந்தது. 2018-இல் உரிம விலக்குப் பெற்ற 446.0–446.2 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் சேனல் 1 இரண்டிலும் 446.00625தான். ஆனால் பேச்சோடு, நம் காதுக்கு எட்டாதபடி, தாழ்ந்த தொனி ஒன்றும் செல்கிறது. அது பொருந்தினாலன்றிக் கருவி வாய் திறவாது. ஒரு நிறுவனத்தின் பட்டியலில் 69.3 ஹெர்ட்ஸ் இல்லை. ஆகவே அதில் குறியீடு 2 என்பது 71.9. மற்றதில் 69.3. எண்ணை மறந்து, இரண்டிலும் 71.9ஐ வைத்தோம். குரல் வந்தது.

எண் அவரவர் இட்ட பெயர். அதிர்வெண்ணே பொது மொழி. அன்றே இன்னொன்றும் முடிவு செய்தோம்: குரல் வராவிட்டால், சப்பரம் நிற்கும்.