ரயில் போன பிறகு

கிராவல் சைக்கிள் பார்வைக்கு ரேஸ் சைக்கிள் மாதிரியே இருக்கும். வளைந்த ஹேண்டில்பார், ஒல்லியான ஃபிரேம். வித்தியாசம் டயரில். ரேஸ் சைக்கிளில் 25, 28 மில்லிமீட்டர் என்றால் இதில் 40, 45. காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் சரளை, செம்மண், மாட்டுவண்டித் தடம் எல்லாவற்றிலும் போகும். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஃபிளின்ட் ஹில்ஸ் என்றொரு சுண்ணாம்புக்கல் குன்றுப் பகுதி இருக்கிறது. 2006-இல் அங்கே தொடங்கிய 200 மைல் பந்தயம்தான் இந்த வகை ஓட்டத்துக்குப் பெரிய பெயர் வாங்கிக் கொடுத்தது. இப்போது அதன் பெயர் அன்பவுண்ட் கிராவல்.

இந்த ஓட்டம் பற்றிய வீடியோக்களை வரிசையாகப் பார்த்தால் இரண்டு காட்சிகள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று சுண்ணாம்புக்கல் குன்றுகள், இன்னொன்று தண்டவாளம் எடுக்கப்பட்ட பழைய ரயில் பாதைகள். இரண்டுக்கும் காரணம் உண்டு. சுண்ணாம்புக்கல் பொடி மழையில் நனைந்து காய்ந்தால் இறுகிப் பிடித்துக்கொள்ளும், சக்கரம் புதையாது. ரயில் பாதையோ செங்குத்தாக ஏறவே ஏறாது. நீராவி இன்ஜின் மூச்சுவாங்காமல் ஏறுவதற்கென்று போட்ட சரிவில் நம்முடைய முழங்காலும் தாராளமாக ஏறும்.

நான் சிக்கல்காரன். சொன்னவுடன் எல்லாரும் சிங்காரவேலர் கோயிலைத்தான் விசாரிப்பார்கள். அது நாகப்பட்டினத்துச் சிக்கல். எங்களுடையது ராமநாதபுரம் மாவட்டம். குன்று என்று சொல்ல ஒரு மேடுகூடக் கிடையாது. கண்மாய்க்கரைதான் ஊரிலேயே உயரமான இடம். எங்களுக்கு ஏற்றம் என்றால் காற்று. ஆனி, ஆடியில் கச்சான் அடிக்கும்போது மேற்கே பார்த்து இருபது கிலோமீட்டர் மிதித்தவனுக்கு மலையேறிய களைப்பு வரும். சரளை ரோட்டுக்கும் பஞ்சமில்லை, சீமைக்கருவேல முள்ளுக்கும் பஞ்சமில்லை. முதல் தடவை வண்டியைப் பார்த்த மாமா கேட்டார்: "இம்புட்டுக் காசு குடுத்து வாங்குன வண்டிய, ரோடு இருக்கையில கம்மாக்கரையில எதுக்கு மாப்ள ஓட்டுற?"

ஆனால் அந்த வீடியோக்களில் வரும் இரண்டுமே எங்கள் பக்கத்திலும் இருக்கின்றன. சுண்ணாம்புக்கல் இருக்கிறது, குன்றாக இல்லை. பழைய ரயில் பாதை இருக்கிறது, பாதையாக இல்லை.

கீழக்கரை, பெரியபட்டினம், புதுமடம், வேதாளை என்று கரையோரமாகவே போனால் மண்டபம் வரும். அங்கிருந்து பாம்பன், ராமேஸ்வரம் வரை பல இடங்களில் காலுக்குக் கீழே இருப்பது பவளப்பாறை. ஒருகாலத்தில் கடலுக்குள் உயிரோடு இருந்து, இப்போது நீர்மட்டத்துக்கு மேலே நிற்பது. டேவிட் ஸ்டாட்டார்ட்டும் கோபிநாத பிள்ளையும் 1972-இல் இந்த உயர்ந்த பாறைகளைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் காலம் கணித்த பவளத்தின் வயது ஏறத்தாழ 4000 ஆண்டு. பூமியின் கணக்கில் இது பச்சைக் குழந்தை. கான்சாஸின் சுண்ணாம்புக்கல்லுக்கு வயது கோடிக்கணக்கில்.

இந்தக் கல்லை வெட்டித்தான் இங்கே வீடு கட்டினார்கள், சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். கரையில் எடுத்தது போதாமல் கடலுக்குள் இருந்த உயிருள்ள பாறையையும் வெட்டினார்கள். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று பாடப்புத்தகத்தில் படித்தோம். அதில் இரண்டு, பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும், இன்று நீருக்கடியில். அலையைத் தடுத்துக்கொண்டிருந்த பாறையை வெட்டி எடுத்ததற்கும் அதில் பங்கு உண்டு. இருந்ததை இருந்த இடத்தில் விட்டுவைக்காததற்கு எங்கள் கடற்கரை ஏற்கெனவே ஒரு விலை கொடுத்திருக்கிறது. ரயில் பாதையைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

பாம்பன் ரயில் பாலம் 1914 பிப்ரவரி 24-இல் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி கொழும்புக்கு ரயில். போட் மெயில் என்று பெயர். தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு, மருத்துவச் சோதனை முடிந்து இந்த வழியாகத்தான் போனார்கள். பிற்காலத்தில் போருக்குத் தப்பி இலங்கையிலிருந்து வந்தவர்கள் தங்கவைக்கப்பட்டதும் அதே மண்டபத்தில்தான்.

1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் பாம்பன்–தனுஷ்கோடி பாசஞ்சர், வண்டி எண் 653, நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலில் போனது. ஒருவரும் பிழைக்கவில்லை. தனுஷ்கோடி மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. பாம்பன் பாலத்தை ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிசெய்தார்கள். தனுஷ்கோடிப் பாதையை அப்படியே விட்டுவிட்டார்கள்.

2017-இல் அரிச்சல்முனை வரை தார்ரோடு வந்தது. இன்று அதில் சைக்கிளில் போனால், ரோட்டை ஒட்டி ஸ்டேஷன் கட்டடத்தின் மிச்சம் நிற்கிறது. பவளக்கல்லால் கட்டிய தேவாலயத்தின் சுவர் நிற்கிறது. கிட்டே போய்ப் பார்த்தால் கல்லில் பவளத்தின் துளைகள் தெரியும். வாழத் தகுதியற்றது என்று சொன்ன இடத்தில் மீனவர்கள் குடிசை போட்டு வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். ரயில் எந்த வழியாக வந்தது என்பதை மட்டும் யாராவது சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

தண்ணீர் அழித்த பாதை வேறு ஊர்களிலும் உண்டு. மிசௌரி ஆற்றங்கரையில், சுண்ணாம்புக்கல் செங்குத்துப் பாறைகளின் அடியில் ஓடிய கேட்டி ரயில் பாதை 1986 வெள்ளத்தில் சேதமானது. கம்பெனி அந்தப் பாதையைக் கைவிட்டது. ஆனால் அதற்கு முன்பே, 1983-இல், அமெரிக்காவில் ஒரு சட்டத் திருத்தம் வந்திருந்தது. ரயில் நின்றாலும் பாதையின் நிலத்தைத் துண்டுதுண்டாகப் போகவிடாமல், நாளைக்குத் தேவைப்பட்டால் மறுபடி ரயில் விடலாம் என்ற நிபந்தனையோடு, அதுவரை நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் விடலாம் என்றது அது. அப்படி வந்ததுதான் கேட்டி டிரெயில், சுமார் 385 கிலோமீட்டர். மேலே பரப்பியிருப்பது சுண்ணாம்புக்கல் பொடி. 1993-இல் பெருவெள்ளம் அதையும் அரித்தது. மறுபடி போட்டார்கள்.

இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது சைக்கிள் இல்லை. ரயில் பாதை ஒரு நீளமான, அறுபடாத நிலம். ஒரு தடவை அறுந்தால் திரும்ப ஒட்டவைக்க முடியாது என்று புரிந்துகொண்டு எழுதியதுதான் பிடித்தது. மென்பொருளில் நாங்கள் பழைய சிஸ்டத்தை நிறுத்தும்போது டேட்டாவை அழிப்பதற்குமுன் பத்துப்பேரிடம் கேட்போம். ரயில்வேயில் கடைசியாகப் பேசுவது பழைய இரும்புக்காரர்.

இப்போது பாம்பனுக்கு வருகிறேன். பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-இல் புதிய பாலம் திறந்தாயிற்று. பழையது இனி ரயிலுக்கு வேண்டாம். வேண்டாத பாலத்தைப் பிரித்தெடுப்பதுதான் வழக்கம்.

நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றின் மேல், பொகீப்சி என்ற ஊரில் 1889-இல் கட்டிய ரயில் பாலம் ஒன்று உண்டு. 1974-இல் தீப்பிடித்தது, ரயில் நின்றது. ஒரு கட்டத்தில் ஒரே ஒரு டாலருக்குக் கைமாறியது. 1992-இல் ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து இதை நடைபாதையாக்கலாம் என்று கிளம்பினார்கள். 2009-இல் திறந்தார்கள். அதன் நீளம் 6768 அடி. பாம்பன் பழைய பாலத்தின் நீளத்தை அடியில் மாற்றிப் பார்த்தேன், 6776. எட்டடிதான் வித்தியாசம்.

இந்தக் கணக்கை மண்டபத்தில் டீக்கடையில் சொன்னபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் சிரித்தார். ரயில்வேயில் கேங்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். "தம்பி, அது ஆறு. இது கடலு. இரும்பச் சும்மா வச்சிருந்தா நிக்காது. ரயிலு ஓடுனாலும் ஓடாட்டியும் பெயிண்டு அடிக்க ஆளு வேணும். வருசம் பூரா வேணும்."

"அப்ப பிரிச்சிறலாம்ங்கிறீங்களா ஐயா?"

"நான் அப்படிச் சொல்லலையே. ஆளு வேணும்னுதான் சொன்னேன்."

அவர் சொன்னதைத் தாண்டி ஒரு வாதமும் எனக்குத் தோன்றவில்லை. பொகீப்சியில் கீழே ஓடுவது ஆற்றுத் தண்ணீர். இங்கே கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் காற்றிலிருந்தும் உப்பு. 58 கிலோமீட்டர் வேகத்தைக் காற்று தாண்டினால் ரயிலையே நிறுத்திவைத்த பாலம் அது. 145 கண்களையும் காப்பாற்றி, இரண்டு கிலோமீட்டருக்குச் சைக்கிள் விடு என்று கேட்பது என்னைப் போல லீவுக்கு ஊருக்கு வருகிறவனுக்குச் சுலபம். பெயிண்ட் வாளியைத் தூக்கப்போகிறவர் வேறு ஆள்.

அதனால் கேட்பதைக் குறைத்துக்கொண்டேன். மண்டபம் பக்கம் கரையை ஒட்டிய சில கண்கள் மட்டும் நிற்கட்டும், நடந்துபோய்க் கடலைப் பார்க்கிற அளவுக்கு. கப்பலுக்கு வழிவிட இரண்டாகப் பிளந்து மேலே எழும்பிய ஷெர்சர் தூக்கு, முடிந்தால் கரையிலாவது முழுசாக இருக்கட்டும். தனுஷ்கோடியில் பழைய பாதை போன வழியைக் கிலோமீட்டருக்கு ஒரு கல் நட்டுக் காட்டட்டும். ராமேஸ்வரம்–தனுஷ்கோடிக்குத் திரும்ப ரயில் விட 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். ரயில் வந்தால் சந்தோஷம். வரும்வரை அந்த வழி யாருக்கும் பட்டா ஆகாமல், மதிலுக்குள் போகாமல், குடிசைகளைக் காலிசெய்யச் சொல்லும் சாக்காகவும் ஆகாமல் கிடந்தால் போதும். நடக்கிறவர் நடக்கட்டும், சைக்கிள்காரர் இறங்கித் தள்ளிக்கொண்டு போகட்டும். மணலில் 45 மில்லிமீட்டர் டயரும் புதையத்தான் செய்யும்.

அந்த வழியில் தோட்டத்துக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் மலையகத்திலும் இருக்கிறார்கள், திரும்பி வந்து தமிழ்நாட்டிலும் இருக்கிறார்கள். 653-இல் போனவர்களின் வீட்டாரும் எங்கோ இருப்பார்கள். அவர்களில் யாராவது ஒருவர் வந்து, எங்கள் ஆட்கள் எந்த வழியாகப் போனார்கள் என்று கேட்டால், கடலைப் பொத்தாம்பொதுவாகக் கைகாட்டாமல், இதோ இந்தக் கல்லிலிருந்து அந்தக் கல்வரை என்று காட்ட முடிய வேண்டும்.