நான்கு வாரப் பாக்கி

1897-ம் வருஷம் ஆகஸ்டு 20-ந் தேதி சிகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் என்பவர் கொசுவின் வயிற்றிலே மலேரியாக் கிருமியைக் கண்டார். இதை வருஷந்தோறும் பிள்ளைகளுக்குப் போதித்து வருகிறோம். ஆயினும், சொந்த உடம்பில் படும்வரை நமக்கே பாடம் விளங்கவில்லை.

சென்ற கோடை விடுமுறையில் டான்ஸானியாவிலுள்ள தமையனார் வீட்டுக்குப் பிரயாணமானோம். வைத்தியர் டாக்ஸிஸைக்ளின் மாத்திரை கொடுத்து, "புறப்படுவதற்கு முந்தின நாள் ஆரம்பியுங்கள், தினம் ஒன்று, திரும்பி வந்த பின்னும் நான்கு வாரம் நிறுத்தக் கூடாது" என்றார். அங்கே ஒரு நாளும் தவறவில்லை. மாலையில் முழுக்கைச் சட்டை, இரவில் மருந்து தோய்த்த கொசுவலை, எல்லாம் கிரமமாக நடந்தன. ஊர் திரும்பியதும், "இனி எதற்கு?" என்று பாக்கி மாத்திரைகளைப் பெட்டியில் வைத்துப் பூட்டினோம்.

பன்னிரண்டாம் நாள் குளிர் நடுக்கியது. சாதாரண ஜுரமென்று இரண்டு நாள் மிளகுக் கஷாயம் குடித்தோம். மூன்றாம் நாள் வைத்தியர் கேட்ட முதல் கேள்வி, "எந்த ஊருக்குப் போயிருந்தீர்கள்?" என்பதே. உடனே இரத்தத்தைச் சோதித்தார். உயிரைக் குடிக்கவல்ல பால்ஸிபாரம் மலேரியா! "இன்னும் இரண்டு நாள் தாமதித்திருந்தால்..." என்று பாதியில் நிறுத்திக்கொண்டார். அப்போது அருகில் நின்ற நம் மனைவியின் முகத்தை மறக்க முடியவில்லை.

கடித்த கொசு விட்ட கிருமி முதலில் ஈரலில் ஒளிகிறது. ஏறக்குறைய ஒரு வாரமோ அதற்கு மேலோ சென்றே இரத்தத்தில் இறங்குகிறது. அந்த மாத்திரை அதை முக்கியமாக இரத்தத்தில்தான் மடக்கும். ஆகையால்தான் நான்கு வாரக் காவல். வேறு மாத்திரைகளுக்குக் கெடு வேறு. வைத்தியர் சொன்னதே கணக்கு.

இவ்வருஷம் ராஸின் பாடம் நடத்துகையில், பாக்கி மாத்திரைகளையும் வகுப்புக்கு எடுத்துச் சென்று காட்டினோம்.