ஊருக்கொரு முஈத் வேண்டும்

பிள்ளையைப் பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிட்டால் நம் கடமை தீர்ந்தது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். இடம் கிடைத்தது, கட்டணமும் கட்டியாயிற்று, இனிப் படிப்பது பிள்ளையின் பாடு என்று இருந்துவிடுகிறோம். நம் முன்னோர் அவ்வாறு இருந்துவிடவில்லை.

மத்ரஸாக்கள் செழித்திருந்த இடைக்காலத்தில் 'முஈத்' என்றொரு பதவி இருந்தது. திருப்பிச் சொல்பவர் என்பது அச்சொல்லின் பொருள். ஆசிரியர் பாடம் முடித்து எழுந்தபின், விளங்காத மாணவரை அருகே இருத்தி அப்பாடத்தை மீண்டும் விளக்குவது அவர் பணி. கெய்ரோவின் அல்அஸ்ஹரிலோ, நாட்டுக்கு நாடு 'ரிவாக்' எனும் மாணவர் இல்லங்கள் இருந்தன. அங்குத் தங்கியோருக்கு வக்ஃபு வருவாயிலிருந்து ரொட்டி வழங்கப்பட்டது. கற்பவனுக்கு ஆசிரியர் மட்டும் போதாது. ஐயம் தீர்ப்பவரும் வேண்டும், பசி தீர்ப்பவரும் வேண்டும் என்பதை அப்பெருமக்கள் அறிந்திருந்தனர்.

நம் எலவனாசூர்கோட்டையை எண்ணிப் பார்ப்போம். இங்கிருந்து மேற்படிப்புக்குச் செல்லும் பிள்ளைகள் சிலருக்கு, 1929இல் தோன்றி 2013இல் அரசின் பொறுப்புக்கு வந்த சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எட்டும் தொலைவில் உள்ளது. வேறு சிலர் திருச்சிக்கும் சென்னைக்கும் செல்கின்றனர். வீட்டில் முதன்முதலாக அவ்வாசலை மிதிக்கும் பிள்ளைக்கு யாரை என்ன கேட்பது என்பதே தெரிவதில்லை. உதவிகள் இல்லாமல் இல்லை. அவை இருப்பதைச் சொல்லத்தான் ஆளில்லை.

நாம் அறிந்த மாணவி ஒருத்தி முனைவர் பட்ட ஆய்வில் இருந்தபோது மணமாயிற்று; குழந்தையும் பிறந்தது. "காலம் கடந்துவிட்டது, இனி என்ன படிப்பு?" என்று வீட்டார் முடிவு கட்டினர். பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட விதிகளை அவ்வீட்டில் எவரும் கண்டதில்லை. ஆய்வுக் காலத்தில் பெண்களுக்கு மகப்பேறு, குழந்தை வளர்ப்பு ஆகியவற்றுக்கென 240 நாள் வரை விடுப்பு உண்டு என்பது அவ்விதி. பொதுவாக ஆய்வை முடிக்க 6 ஆண்டுகள். மறுபதிவின் பேரில் 8 ஆண்டுகள். பெண்களுக்கு மேலும் 2 ஆண்டுகள் தளர்வு. மூத்த மாணவி ஒருத்தி இதை எடுத்துச் சொன்ன பின்னரே அந்தப் பெண் மீண்டும் நூலகம் சென்றாள். ஒரு சொல் உரிய வேளையில் வந்ததால் ஓர் ஆய்வு பிழைத்தது. அச்சொல் வந்து சேராத வீடுகள் எத்தனையோ!

அதே விதிகளின்படி ஒவ்வோர் ஆய்வாளருக்கும் ஓர் ஆலோசனைக் குழு உண்டு. பருவந்தோறும் அதன்முன் தம் பணியை விளக்கி, நெறியாளரிடம் தனித்துச் சொல்லத் தயங்கும் இடர்களுக்கும் வழி கேட்கலாம். நாடெங்கும் ஏற்கப்பட்ட ஆய்வேடுகளை 'சோத்கங்கா' எனும் இணையக் களஞ்சியத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். ஆய்வேடு எவ்வாறு அமைய வேண்டும் என்பதை அதைவிட நன்கு கற்பிப்பது எது?

பொருள் உதவியில் நமக்கோர் இழப்பு நேர்ந்துள்ளது. சிறுபான்மை ஆய்வு மாணவர்க்கென இருந்த மௌலானா ஆஸாத் தேசிய உதவித்தொகை 2022-23 முதல் புதியவர்களுக்கு நிறுத்தப்பட்டது. வருந்துவது நியாயமே, வருந்தி அமர்ந்துவிடுவது நியாயமன்று. 'நெட்' தேர்வில் உயர்ந்த தகுதி பெறுவோருக்கான இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. தமிழுக்கும் அரபிக்கும் வரலாற்றுக்கும் அத்தேர்வு உண்டு. முதுகலை முதலாண்டிலேயே அதற்கு ஆயத்தமாக வேண்டும் என்று சொல்ல, அதை எழுதித் தேறிய ஒருவர் வேண்டும்.

அந்த ஒருவர்தாம் இக்காலத்து முஈத். அவரை வெளியூரில் தேட வேண்டியதில்லை. மேற்படிப்பு முடித்த நம்மூர்ப் பிள்ளைகளின் பெயர்களை ஜமாஅத் திரட்டட்டும். மாதம் ஒரு ஜும்ஆவுக்குப்பின் அவர்கள் ஒரு மணி நேரம் அமர்ந்து இளையோரின் ஐயங்களைக் கேட்கட்டும். பெண்பிள்ளைகளுக்குப் படித்த பெண்களே வழிகாட்டட்டும். இதற்குக் கட்டடம் வேண்டா, நன்கொடை வேண்டா. கற்றவர் தம் கல்விக்குச் செலுத்தும் ஜகாத்தாக இதனைக் கருதினால் போதும்.

வல்ல நாயன் அந்நல்லெண்ணத்தை நம் உள்ளங்களில் உண்டாக்குவானாக. ஆமீன்.