கண்ணாலங் கட்டி வந்தவங்க

கோயமுத்தூரில் முதுகலை படிக்கும் பேத்திக்கு இந்தப் பருவத்தில் 'இடப்பெயர்வு' ஒரு பாடம். விடுமுறைக்குத் தாராபுரம் வந்தவள் விட்டுப்போன தாள்களை ஒரு வாரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஓய்வு பெற்ற வாத்தியாருக்கு வேறென்ன வேலை?

ஊர்விட்டு ஊர் போகிறவர்களுக்கு 'விதிகள்' உண்டென்று 1885இல் ராவன்ஸ்டைன் என்பவர் பிரிட்டன் மக்கள்தொகைக் கணக்கை வைத்து எழுதினார். பக்கத்து ஊர்களுக்கு இடம் மாறுவதில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் என்று அவர் அப்போதே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் வெகுகாலம் வேலை தேடிப் போகும் ஆம்பளையைப் பற்றித்தான் ஆய்வுகள் பேசின. பெண்கள் பக்கம் பார்வை திரும்பியது பின்னால்தான்.

நம் நாட்டுக் கணக்கும் ராவன்ஸ்டைன் பக்கம்தான். 2020-21 தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, பெண்களில் 47.9 சதவீதம் பேர் இடம்பெயர்ந்தவர்கள், ஆண்களில் 10.7 சதவீதம்தான். அந்தப் பெண்களில் 86.8 சதவீதம் பேருக்குக் காரணம் கல்யாணம். இந்த எண்ணுக்குள் என்னவெல்லாம் மறைந்திருக்கிறது என்பதைத்தான் இப்போது ஆய்வாளர்கள் தோண்டுகிறார்கள்.

எனக்கு இது புதிதில்லை. 2001 பிப்ரவரியில் நானும் கணக்கெடுக்கப் போனவன். அமராவதிக் கரைப் பக்கம் ஒரு வரிசை வீட்டில் முப்பது வயதுப் பெண். எதற்காக இந்த ஊருக்கு வந்தீர்கள் என்று கேட்டேன்.

"கண்ணாலங் கட்டி வந்தனுங்க சார்."

எழுதப் போனேன். அவர் விடவில்லை.

"மூலனூர்ப் பக்கம் மழையே இல்லீங்க. இங்கன்னா மில்லுக்குப் போலாம்னுதானுங்க எங்கய்யன் இங்க பாத்துக் கட்டிக் குடுத்தாரு. வந்த மூணாம் மாசமே மில்லுக்குப் போயிட்டனுங்க."

படிவத்தில் ஒரு காரணத்துக்குத்தான் இடம். மழை, மில், மாப்பிள்ளை மூன்றையும் எடைபோட்டு ஒரு குடும்பம் எடுத்த முடிவு, 'திருமணம்' என்ற ஒற்றை எண்ணாக டெல்லிக்குப் போனது. என் வீட்டம்மாவும் அதே எண்தான். காங்கயத்திலிருந்து வந்து, நாலு எருமை வைத்துப் பால் ஊற்றி, இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்.

எண்ணாகக்கூட ஆகாதவர்கள் இன்னொரு கூட்டம். ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் சொந்த ஊரில் என்று போய்வருகிறவர்கள். பத்து வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கும் கணக்குக்கு இவர்கள் சரியாகப் பிடிபடுவதில்லை. அதனால் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை ரயில்வேயின் முன்பதிவில்லாத டிக்கெட்டுகளை எண்ணிப் பார்த்து, வருஷத்துக்குச் சுமார் 90 லட்சம் பேர் மாநிலம் விட்டு மாநிலம் போகிறார்கள் என்று மதிப்பிட்டது. கெட்டிக்கார யோசனைதான். ஆனால் ஏன் போகிறார் என்று டிக்கெட் சொல்லாது. 2020 ஊரடங்கில் அந்த ஜனங்கள் நெடுஞ்சாலையில் நடந்தபோது எத்தனை பேர் வழியில் செத்தார்கள் என்று நாடாளுமன்றத்தில் கேட்டார்கள். அப்படி ஒரு கணக்கே இல்லை என்று அரசு பதில் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை நம்மூர் பேருந்து நிலையத்துக்குப் போனால் மில் விடுதிகளிலிருந்து வந்த ஒடிசாப் பெண்பிள்ளைகளைப் பார்க்கலாம். ஷாம்பு, ஹேர்பின், கைபேசிக்கு ரீசார்ஜ். கல்யாணச் செலவுக்குச் சம்பாதிக்க வந்தவர்களும் இருப்பார்கள், கல்யாணத்தைத் தள்ளிப்போட வந்தவர்களும் இருப்பார்கள்; இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? 2027 கணக்கெடுப்பைக் கைபேசியிலேயே பதியப் போகிறார்களாம். விடுதி வாசலில் போய் நிற்கப்போகும் வாத்தியாருக்கு ஒடியா தெரிந்திருக்குமா என்பது தனிக் கவலை.