காரணம் எழுதும் கட்டம்

எங்கள் கல்லூரியில் பெண்கள் ஓய்வறை என்று ஒன்று உண்டு. ஒரு இரும்புக் கட்டில், ஒரு கண்ணாடி, பாதிவரை வெள்ளை பெயின்ட் அடித்த ஜன்னல். எப்போதும் பூட்டியே இருக்கும். சாவி அலுவலகத்தில். அதை வாங்க ஒரு நோட்டில் பெயர், வகுப்பு, நேரம், காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

மாணவர்களுக்கு ஓய்விடம் அமைக்கும் குழுவில் என்னைச் சேர்த்தபோதுதான் அந்த நோட்டைப் புரட்டினேன். 'காரணம்' என்ற கட்டத்தில் பக்கம் பக்கமாக ஒரே சொல்: வயிற்றுவலி. எத்தனை பேருக்கு உண்மையில் வலித்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் 'களைப்பு' என்றோ 'சும்மா' என்றோ ஒருத்திகூட எழுதவில்லை.

என் மாணவிகளில் பலர் ஷூ கம்பெனித் தொழிலாளிகளின் பிள்ளைகள். பேரணாம்பட்டு, மாதனூர், ஆலங்காயம் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறார்கள். அம்மா கம்பெனி பஸ் பிடித்துப் போனபின் தண்ணீர் பிடித்து, தம்பிக்குச் சோறு கட்டிக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள். சாயங்காலம் வீட்டில் மறுபடி வேலை காத்திருக்கும். இடையில் கல்லூரியில் கிடைக்கும் ஒரு மணிநேரம்தான் அவர்களுடையது. 2021இலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. 2022இல் வந்த புதுமைப்பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. கல்லூரிவரை வந்துசேர வழி பிறந்துவிட்டது. வந்த இடத்தில் உட்கார இடமில்லை.

பையன்களுக்கு யாரும் ஓய்விடம் கட்டித் தரவில்லை. கேன்டீன் படிக்கட்டு, பைக் ஸ்டாண்டு, புளியமரத்தடி எல்லாம் தானாகவே அவர்களுடையதாகிவிட்டன. பெண்கள் அவற்றைத் தலைகுனிந்து கடந்து போகிறார்கள்.

அன்று இரவு அம்மாவிடம் நோட்டைப் பற்றிச் சொன்னேன். அம்மா ஆம்பூரில் 22 வருடம் ஷூவின் மேல்பாகம் தைத்தவர். சிரித்தார்.

"எங்களுக்கு டோக்கன்டி. லைனுக்கு ரெண்டு டோக்கன். அது கையில இருந்தாத்தான் பாத்ரூம். அங்க போய் ஒரு நிமிசம் சுவத்துல சாஞ்சு நின்னுட்டு வருவோம். அதான் ஓய்வு."

150 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஓய்வறையும் சாப்பாட்டு அறையும் வேண்டும் என்று 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. அம்மாவின் கம்பெனியிலும் 'ஓய்வறை' என்று போர்டு இருந்ததாம். உள்ளே அட்டைப்பெட்டி அடுக்கியிருந்தார்களாம். 2021இல் கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமை தந்து தமிழ்நாடு சட்டம் இயற்றியபோது, "உக்கார்றதுக்குக்கூடவா சட்டம் போடணும்?" என்று முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டார்.

ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை முன்வைத்து 2011இல் எழுதிய 'ஒய் லாய்ட்டர்?' இதைத்தான் பேசுகிறது. பொது இடத்தில் நிற்கும் பெண் ஏதோ ஒரு வேலையாக வந்தவள் என்று காட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. காரணமில்லாமல் நிற்பதும் ஓர் உரிமை என்கிறார்கள். எங்கள் கல்லூரி அதற்கு ஒரு கட்டமே போட்டு வைத்திருந்தது.

குழுவின் திட்டத்தில் புல்தரை, நீரூற்று, அலுவலகத்தைப் பார்த்தபடி நான்கு சிமென்ட் பெஞ்சுகள், மேலே கேமரா இருந்தன. கேட்டால், பாதுகாப்பு. எனக்கும் ஒரு திட்டம் இருந்தது: பையன்களைப் போலவே புளியமரத்தடியில், எல்லோரும் பார்க்க, பெண்களும் உட்கார வேண்டும்.

மாணவிகளிடம் ஒரு தாளைக் கொடுத்து வரையச் சொன்னேன். இரண்டு திட்டமும் அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. நூலகத்துக்குப் பின்னால் புங்கமரத்தடியில் ஒரு திண்ணை வரைந்திருந்தார்கள். முதுகுக்குச் சுவர். யார் வருகிறார்கள் என்று இங்கிருந்து தெரிய வேண்டும். பக்கத்திலேயே குடிதண்ணீர், கழிப்பறை, போன் சார்ஜ் போட பிளக். திண்ணையை ஒட்டி ஓர் அறை. பெஞ்சு வேண்டாம், காலை நீட்டிப் படுக்கத் தரை போதும். பர்தாவைக் கழற்றி மாட்ட நாலு கொக்கி. அறைக்குத் தாழ்ப்பாள் உள்பக்கம்.

"மரத்தடியில உக்கார நாங்க தயார் மிஸ். ஆனா அங்க உக்காந்தா முதுகு நேராத்தான் இருக்கும். சாய முடியாது" என்றாள் ஒருத்தி. என் முற்போக்கு அந்த இடத்தில் கொஞ்சம் கூச்சப்பட்டது. சாய்வது வேறு, உரிமையை நிலைநாட்ட உட்கார்வது வேறு. இரண்டும் வேண்டும். களைத்தவளிடம் இரண்டாவதை மட்டும் கேட்கக் கூடாது.

நீரூற்று வந்துவிட்டது. திண்ணைக்குப் பணமில்லை என்றார்கள். நான்கு கூட்டங்கள் பேசி வாங்கியது இவ்வளவுதான்: பழைய ஓய்வறையிலிருந்து கட்டிலை எடுத்துவிட்டுப் பாய், சுவரில் கொக்கிகள், வெளிப்பூட்டுக்குப் பதில் உள்ளே தாழ்ப்பாள். நோட்டை எடுக்க ஒப்புக்கொள்ளவில்லை. 'காரணம்' கட்டத்தை மட்டும் ஸ்கேல் வைத்து நானே அடித்தேன்.

போன வாரம் பார்த்தேன். அடித்த கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில், பழக்கத்தில் இன்னும் எழுதுகிறார்கள்: வயிற்றுவலி, வயிற்றுவலி, வயிற்றுவலி. நடுவில் ஒருத்தி 'தூக்கம்' என்று எழுதியிருந்தாள்.

அம்மாவிடம் சொன்னேன். "தூங்கட்டும்" என்றார்.