வண்டிக்கும் தாய்ப்பத்திரம் உண்டு

மாயவரம் சார்பதிவாளர் அலுவலக வாசலில் நாற்பத்தோரு வருஷம் பத்திரம் எழுதியவன் நான். நிலம் வாங்க வருபவர் யாராயிருந்தாலும் என் முதல் கேள்வி, “தாய்ப்பத்திரம் பார்த்தீங்களா?” என்பதுதான். சொத்து கைமாறிய கதையை வாயால் யாரும் எப்படியும் சொல்லலாம். மூலத்தைப் பார்த்த பிறகுதான் நான் பேனாவைத் திறப்பேன். எழுபத்தெட்டு வயதில் நான் எழுதிய கடைசிப் பத்திரம் ஒரு காருக்கானது.

என் அண்ணன் பேரன் பழைய வண்டிப் பித்தன். கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு குடும்பத்தார் 2015இல் திறந்த ஜீடி கார் மியூசியத்துக்கு நாலு தடவை போய் வந்தவன். போன வருஷம் குத்தாலத்துக்கு அப்பால் ஒரு கிராமத்தில், மிராசு வீட்டுக் கொட்டகையில் வைக்கோலுக்கு நடுவே நின்ற ஆஸ்டின் ஏ-40 டெவன் காரை மூன்றரை லட்சத்துக்குப் பேசி முடித்து, லாரியில் ஏற்றிவந்து என் வீட்டு வாசலில் இறக்கினான். விற்றவர் சொன்ன கதையும் கூடவே வந்தது. “எங்க தாத்தா தன் கல்யாணத்துக்கு லண்டன்லேர்ந்து கப்பல்ல வரவழைச்சது. அன்னையிலேர்ந்து ஒரே கை.” ஆர்.சி. புத்தகம் எங்கே என்றதற்கு, எலி தின்றுவிட்டது என்றாராம்.

“தாய்ப்பத்திரம் இல்லாத சொத்தை வாங்கியிருக்கியே தம்பி” என்றேன்.

“காருக்கு ஏது சின்னத் தாத்தா தாய்ப்பத்திரம்?” என்று சிரித்தான்.

ஆனால் தேட வேண்டிய அவசியம் அவனுக்கே வந்தது. பழம்பெரும் வண்டிகளைப் பதிவதற்கென்று 2021 ஜூலையில் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவு நடந்து 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும். வண்டியின் அசல் வடிவத்தைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். முதல் பதிவு என்றைக்கு என்று தெரியாமல் எந்த விண்ணப்பத்தை நிரப்புவது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் பானெட்டைத் திறந்தோம். அழுக்கை மண்ணெண்ணெயில் துடைத்து, எண் பொறித்த தகட்டின் மேல் மெல்லிய தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்து மெதுவாகத் தேய்த்தேன். கறுப்புப் பரப்பில் வெள்ளையாக ஒவ்வொரு எழுத்தாக மேலே வந்தது. கைரேகை எடுப்பதுபோல இருந்தது. சேசிஸ் எண் ஒரு தாளில், இன்ஜின் எண் இன்னொரு தாளில். இரண்டையும் என் மூக்குக்கண்ணாடியோடு பூதக்கண்ணாடியும் வைத்து மூன்று முறை சரிபார்த்தேன். ஒரு சர்வே எண்ணில் 3 என்பதை 8 என்று எழுதிவிட்டு ஒரு குடும்பம் ஒன்பது வருஷம் கோர்ட்டுக்கு நடந்ததைப் பார்த்தவன் நான்.

அந்த எண்களை இங்கிலாந்துக்கு எழுதி அனுப்பினோம். அங்கே கேடன் என்ற ஊரில் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் இருக்கிறது. ஆஸ்டின், மாரிஸ் போன்ற கம்பெனிகளின் தொழிற்சாலைப் பேரேடுகள் அங்கேதான் இருக்கின்றன. எண்ணை எழுதிக் கட்டணம் கட்டினால், ஏடு மிஞ்சியிருக்கும் வண்டிகளுக்கு அதில் உள்ளதை எடுத்துச் சான்றிதழாகத் தருகிறார்கள். முதலில் வாங்கியவர் பெயர் பெரும்பாலும் அதில் இராது. எந்த நாட்டுக்கு, எந்த வியாபாரிக்கு அனுப்பினார்கள் என்பதோடு நின்றுவிடும். ரோல்ஸ் ராய்ஸ் வண்டிகளுக்கோ ஒவ்வொரு சேசிஸுக்கும் தனி அட்டை போட்டு, வாங்கியவர் பெயரையும் அவர் கேட்ட அலங்காரத்தையும் எழுதிவைத்தார்கள்.

எங்களுக்கு வந்த பதில் ஒரே பக்கம். வண்டி முழுசாக வரவே இல்லை. பர்மிங்காம் அருகே லாங்பிரிட்ஜ் தொழிற்சாலையிலிருந்து உதிரிப் பாகங்களாக மெட்ராஸுக்கு வந்திருக்கிறது. நிறம், முடித்த தேதி எழுதும் இடங்கள் காலி. அந்த வேலைகள் நம் எண்ணூரில் நடந்தவை. ரகுநந்தன் சரண் 1948இல் ஆரம்பித்த அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் ஏ-40 கார்களை அங்கேதான் பூட்டியது. 1955இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிய அதே கம்பெனி.

பேரனுக்கு முகம் வாடிவிட்டது. எனக்கு அந்தத் தாளில் வேறொன்று கண்ணில் பட்டது. பேரேட்டில் இருந்த இன்ஜின் எண்ணும் நான் பென்சிலால் தேய்த்தெடுத்த எண்ணும் ஒன்று. பெட்ரோல் கட்டுப்படியாகாமல் பழைய கார்களில் டீசல் இன்ஜினை மாற்றிப் பூட்டுவது நம் ஊரில் ஒரு காலத்தில் சகஜம். இந்த வண்டியில் மட்டும் அந்த 1200 சி.சி. இன்ஜின் எழுபது வருஷத்துக்கு மேல் இடம் மாறாமல் இருக்கிறது. யாரோ ஒருவர் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் யார் என்று பேரேடு சொல்லாது. அதற்கு நம் ஊர்ப் பதிவேடுதான் கதி.

அது லேசில் கிடைக்கவில்லை. இந்தக் கார் ஓடிய காலத்தில் எங்கள் ஊர் தஞ்சாவூர் ஜில்லா, மாயூரம் தாலுகா. 1982இல் ஊர் மயிலாடுதுறை ஆனது. 1991இல் நாகப்பட்டினம் மாவட்டத்தோடு போனோம். 2020 டிசம்பர் 28 முதல் தனி மாவட்டம். மூன்று ஊர் அலுவலகப் படிகளையும் பையன் ஏறி இறங்கினான். கடைசியில் தஞ்சாவூரில் ஒரு பெரியவர் தூசி தட்டி எடுத்துக்கொடுத்த நகலில் மூன்று பெயர்கள் இருந்தன. 1951இல் முதல் பதிவு, மயிலாப்பூரில் ஒரு வக்கீல். 1956இல் நம் மிராசுதாரர். அதாவது, பழைய வண்டியாக வாங்கியிருக்கிறார். 1972இல் மூன்றாவது பெயர். விலாசம் அதே கிராமம், கீழத்தெரு.

அந்தப் பெயரை விற்றவரிடம் போனில் சொன்னோம். “அவரு எங்க வீட்டு டிரைவராச்சே” என்றார். அதற்குப் பிறகு பேச்சில்லை.

கீழத்தெருவுக்கு நானும் பேரனும் போனோம். டிரைவர் போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவருடைய ஒரே மகள் இருக்கிறார், எனக்கு இரண்டு மூன்று வயது இளையவர். விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போய், நெல் குதிருக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவி, கோணியில் சுற்றிய ஒரு இரும்பை எடுத்துவந்தார். காரை முன்பக்கம் சுற்றிக் கிளப்பும் ஹேண்டில். பேரன் நாலு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தது. துரு இல்லை, தேங்காய் எண்ணெய் வாசனை வந்தது. அதன் பின்னாலேயே ஒரு தகரப்பெட்டி, அதில் எலி தின்னாத ஆர்.சி. புத்தகம்.

“உச்சவரம்புல நிலமெல்லாம் போச்சு. நாலு வருஷ சம்பளம் நின்னுபோச்சு. அதுக்கு ஈடா பெரிய ஐயா வண்டிய அப்பா பேருக்கு எழுதிட்டாரு. எங்க குடிசைல எங்க நிறுத்துறது? கொட்டாயிலயே நிக்கட்டும்னுட்டாங்க. ரெண்டு வருஷம் கல்யாணத்துக்கு ஓட்டுனாரு. அப்புறம் பெட்ரோல் ஏறிப்போச்சு. ஓடலேன்னாலும் வெள்ளிக்கெழம தவறாம போயித் தொடச்சுட்டு வருவாரு.”

நில உச்சவரம்பு 1961 சட்டத்தில் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர். 1970இல் அதை 15 ஆகக் குறைத்தார்கள். 1973இல் உலகமெங்கும் எண்ணெய் விலை ஏறியது. அந்த அம்மா வருஷம் எதுவும் சொல்லவில்லை. சொன்னது ஒவ்வொன்றும் வருஷத்தோடு பொருந்தியது.

“கேட்டிருக்கலாமே அம்மா, உங்க சொத்துதானே” என்றேன்.

“பேரு மட்டும்தானே ஐயா நம்மளது. எடம் அவங்களது.”

எத்தனையோ குத்தகைதாரர்களிடம் நான் கேட்ட வார்த்தை அது. ஏட்டில் பெயர் இருந்தும் வாய் திறக்காத சனம் இந்த டெல்டாவில் ஊருக்கு நூறு பேர் உண்டு. அவர்களுக்காகப் பேச வேண்டியது ஏட்டைப் படிக்கத் தெரிந்தவன் கடமை என்று நான் நம்புகிறேன். படித்துவிட்டுப் பேசாமல் இருந்த நாட்களும் எனக்கு உண்டு. அவை என்னை இன்றும் தூங்க விடுவதில்லை.

விற்றவர் கெட்டவரல்ல. அவருக்கு நிஜமாகவே தெரியாது. ஐம்பது வருஷம் நிழல் கொடுத்தோமே என்று ஒரு நாள் வாதாடினார். மறுநாள் மூன்றரை லட்சத்தையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கீழத்தெருவுக்கு அவரே வந்தார். திண்ணையில் உட்கார்ந்து, அந்த அம்மா கொடுத்த மோரைக் குடித்தார். அந்தத் திண்ணையிலேயே நான் விற்பனை ஒப்பந்தம் எழுதினேன். விற்பவர் என்ற இடத்தில் டிரைவரின் மகள் பெயர். வாரிசுச் சான்றுக்குத் தாசில்தார் அலுவலகத்தில் மனுவும் கொடுத்தாயிற்று. கையெழுத்துப் போடத் தெரியும் என்று சொல்லி, எழுத்துக் கூட்டி நிதானமாகப் போட்டார்.

உங்கள் வீட்டுக் கொட்டகையில் பழைய கார் நின்றால், எண்ணைப் பென்சிலால் தேய்த்தெடுத்துப் பதிவேட்டு நகலை வாங்கிப் பாருங்கள். அதில் உங்கள் குடும்பத்தில் இல்லாத ஒரு பெயர் இருந்தால், அந்த வீட்டுப் படியேறிவிட்டு வாருங்கள்.