கோயில் வேனுக்கு எந்த எண்ணெய்?



போன மாதக் கணக்கைப் பலகையில் ஒட்டியதிலிருந்து கவுண்டரில் ஒரே கேள்விதான். "வேன் நல்லாத்தானே ஓடுது, கியர் எண்ணெய்க்கு எதுக்கு இவ்வளவு வெள்ளி?" கேட்பது உங்கள் உரிமை. உபயப் பணத்துக்கு நாங்கள்தான் பதில் சொல்லணும். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

நம்ம வேன் ஆட்டோ கியர். வெள்ளிக்கிழமை பூசைக்கு வீடு வீடாகப் போய்ப் பாட்டி, தாத்தாக்களை ஏற்றி வருவது அதுதான். அன்னதானத்துக்கு அரிசி மூட்டை, அண்டா, கேஸ் தோம்பு எல்லாம் அதில்தான் வரும். தைப்பூசத்துக்கு பத்துமலை நெரிசலில் நகர்ந்து நகர்ந்து போகும். வருசத்துக்கு ஒரு தடவை கேமரன் மலைக்கும் போகிறோம். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு சுமார் 60 கிலோமீட்டர், முழுக்க ஏற்றமும் வளைவும். பாதி வழியில் கியர் வழுக்கினால், உள்ளே இருக்கும் 70 வயது அம்மாக்களை எங்கே இறக்கி விடுவது?

எஞ்சின் எண்ணெயின் முக்கிய வேலை தேய்மானத்தைத் தடுப்பது. ஆட்டோ கியர் எண்ணெய்க்கு அதற்கு மேலும் வேலை உண்டு. எஞ்சின் சுழலும் சக்தியைக் கியர்பெட்டிக்குக் கடத்துவதே இந்த எண்ணெய்தான். கியர் மாறுவதும் இதன் அழுத்தத்தால்தான். உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகள் சரியான அளவு பிடிப்பதும், சூடு வெளியேறுவதும் இதனால்தான். அதனால் ரகம் மாறினால் கியர் பிடிக்கும் விதமே மாறிவிடும்.

இங்கேதான் ஒரு சங்கடம் வந்தது. நம்ம அன்பர் ஒருவர் பாசத்தோடு ஒரு பெட்டி கியர் எண்ணெய் உபயமாகக் கொண்டு வந்தார். அது டொயோட்டாவின் பழைய டி-ஃபோர் ரகம். நம்ம வேன் கையேட்டில் போட்டிருப்பது டபிள்யூஎஸ் ரகம். இரண்டும் சிவப்புதான், பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் டபிள்யூஎஸ் இன்னும் மெல்லியது. ஒன்றுக்குப் பதில் மற்றதை ஊற்றக் கூடாது. "தம்பி, சாமிக்குன்னு கொடுத்தது, எண்ணெய் எண்ணெய்தானே?" என்றார். "அண்ணே, மூலஸ்தான விளக்குக்குப் பாமாயில் ஊத்துவோமா? அதுவும் எண்ணெய்தானே" என்றோம். சிரித்துவிட்டார். அவருடைய பழைய காருக்கு அதே டி-ஃபோர்தான் வேணும், அங்கே பயன்பட்டுவிட்டது. நமக்கு ஃபில்டர் வாங்கிக் கொடுத்தார். அவர் மனசுக்கு நன்றி.

"எல்லா வண்டிக்கும் ஒத்துவரும்" என்று எழுதிய டின்னும் கடையில் இருக்கு, விலையும் குறைவு. கையேட்டில் உள்ள ரகத்தின் பெயர் டின்னில் இல்லையென்றால் நாங்கள் வாங்குவதில்லை. உங்கள் காரில் சிவிடி கியர் என்றால் அதற்குத் தனி எண்ணெய், மாற்றி ஊற்றிடாதீங்க.

"இந்த எண்ணெய் ஆயுசுக்கும் போதும்" என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள். லேசான சுமையோடு சமமான ரோட்டில் ஓடும் வண்டிக்கு அது எப்படியோ. நம்ம வேன் பாரம், ஏற்றம், நெரிசல், வெயில் நான்கையும் பார்க்கிறது. எண்ணெய்க்குச் சூடுதான் எமன். மெக்கானிக்குகளிடம் ஒரு பழைய கணக்கு உண்டு: எண்ணெயின் சூடு 80 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10, 11 டிகிரி கூடும்போதும் அதன் ஆயுள் பாதியாகும். அதனால் 40,000 கிலோமீட்டர் அல்லது 2 வருசம், எது முதலில் வருதோ அப்போது மாற்றுவது என்று குழுவில் முடிவு எடுத்திருக்கிறோம். பள்ளி விடுமுறைக்கு மோட்டார்ஹோம் எடுத்துக் குடும்பத்தோடு சுற்றும் அன்பர்களும் இதைக் கவனிங்க. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி என்று அதுவும் எப்போதும் பாரத்தோடு ஓடும் வண்டிதான்.

செலவு ஏன் கூடியது? ஒரு தடவை திறந்து வடித்தால் எல்லா எண்ணெயும் வராது. பாதிக்கு மேல் உள்ளேயே தங்கிவிடும். அதனால் வடித்து, ஊற்றி, கொஞ்சம் ஓட்டி, மறுபடி வடித்து ஊற்றினோம். அடித்தட்டைக் கழற்றிக் காந்தத்தையும் பார்த்தோம். மெல்லிய சாம்பல் நிறப் பசைதான் ஒட்டியிருந்தது. அது வழக்கமான தேய்மானம். இரும்புத் துண்டு கிடந்திருந்தால்தான் பயப்படணும். பழைய எண்ணெய் கறுத்திருந்தது, ஆனால் கருகல் வாசனை இல்லை. நல்ல நேரத்தில் மாற்றியாச்சு.

நம்ம வேனில் அளவுகோல் கிடையாது. சமதரையில் எஞ்சின் ஓடும்போது, கையேட்டில் சொன்ன சூட்டில், திருகாணியைத் திறந்துதான் அளவு பார்க்கணும். குறைந்தால் கியர் வழுக்கும், கூடினால் நுரைக்கும். அதனால் நல்ல மனசோடு யாரும் "கொஞ்சம் ஊத்தி வைப்போம்" என்று கை வைக்க வேண்டாம்.

வேன் ஓட்டும் தம்பிகளுக்கு:

👉 வண்டி முழுசா நின்ன பிறகுதான் ரிவர்ஸ் போடுங்க.
👉 மேட்டில் நிறுத்தும்போது முதலில் கைபிரேக், பிறகு பிரேக்கை விட்டுப் பாருங்க, வண்டி நகராவிட்டால் 'பி' போடுங்க.
👉 மேட்டில் எண்ணெயை மிதித்து வண்டியைப் பிடித்து வைக்காதீங்க, பிரேக் மிதிங்க.
👉 மலை இறங்கும்போது சின்ன கியர்.
👉 கியர் போட்டதும் பிடிக்கத் தாமதமானாலோ, கருகல் வாசனை வந்தாலோ, தரையில் சிவப்புச் சொட்டு பார்த்தாலோ உடனே சொல்லுங்க. எண்ணெய் ரோஸ் பால் மாதிரி கலங்கியிருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கலந்திருக்கு என்று அர்த்தம். அப்போ வண்டியை நகர்த்தவே வேண்டாம்.

இந்தச் செலவு சில நூறு வெள்ளி. கியர்பெட்டி போனால் பல ஆயிரம். அந்தப் பணம் அன்னதானத்திலிருந்துதான் போகும்.

ரசீது எல்லாம் கவுண்டர் கோப்பில் இருக்கு, யார் வேணுமானாலும் பார்க்கலாம். அடுத்த முறை வேனுக்கு உபயம் செய்ய நினைக்கும் அன்பர்கள் வாங்கும் முன் எங்களிடம் ஒரு வார்த்தை கேளுங்க, சரியான ரகத்தை எழுதித் தருகிறோம். வரும் வெள்ளிக்கிழமை வேன் வழக்கம்போல மாலை 6 மணிக்குக் கிளம்பும். வர வேண்டிய பாட்டிமார் பெயரை வியாழக்கிழமைக்குள் சொல்லிடுங்க.

முருகன் துணை 🙏
கோயில் தொண்டர் குழு